அண்ணனின் கரண்டுக்கு ஒரு காவல்

பயந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள், சிலர் வாய்விட்டுக் கத்துவார்கள். நான் ஸ்கிரிப்ட் எழுதுவேன். மெயின்லேண்ட் கம்பெனி ஒன்றுக்கு, கடல் தாண்டி இந்தத் தீவின் பெரார்கஞ்ச் வீட்டில் உட்கார்ந்தபடியே நிரல் எழுதிப் பிழைக்கிறவன் வேறென்ன செய்வான்? அண்ணனின் மூச்சு கரண்டில் ஓடத் தொடங்கியபோது என் பயம் முழுவதும் கீபோர்டு வழியாகத்தான் இறங்கியது.

அண்ணன் கப்பல் ஜெட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் கட்டவில்லை. பீடியோடுதான் குடும்பம் நடத்தினார், அது அவரை ஏமாற்றியது. நுரையீரல் ஓய்ந்த பிறகு டவுன் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மிஷின் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் மிஷின். அதற்குக் கரண்டு வேண்டும். கரண்டு போனால் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டரும் தீர்ந்தால் கட்டிலருகே நிற்கும் சிலிண்டருக்குக் குழாயை மாற்றி வால்வைத் திறக்க வேண்டும். எழுந்து உட்காரவே இளைக்கிற அண்ணனால் அது ஆகாது. நானோ என் மனைவியோ சமயத்துக்கு ஓடிவந்தாக வேண்டும். மிஷின் வாடகைக்கு எடுத்த பழசு. நின்றுபோனால் கூவ வேண்டிய அதன் சொந்த பீப் எப்போதோ ஊமையாகியிருந்தது. எங்கள் பக்கம் ஒரு பாக்குமரம் கம்பியில் சாய்ந்தால் போதும், அன்றைய கரண்டு அவ்வளவுதான்.

அதனால்தான் காவல் நிரல். கைக்குள் அடங்கும் ஒரு போர்டு கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் பேட்டரியின் வோல்ட்டை அளக்கும் ஒரு சென்சார், ஒரு சின்ன ஸ்பீக்கர். மீதியெல்லாம் உலகத்தில் யார் யாரோ எழுதி இலவசமாகப் போட்டிருந்தவை. அளவைச் சேமிக்க ஒன்று, அதை என் திரைக்கு அனுப்ப ஒன்று, நிரல் செத்தால் எழுப்பிவிட இன்னொன்று. நெட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாத தீவு இது. ஆகவே தேவையான எல்லாவற்றுக்கும் பழைய ஹார்டு டிஸ்கில் ஒரு நகல் வைத்துக்கொள்வது என் பழக்கம். அரிசியும் அப்படித்தான் வாங்குவோம்.

திரையைப் பிரித்துக்கொண்டேன். இடது பக்கம் ஆபீஸ் வேலை. வலது ஓரத்தில் ஒரே வரியில் பேட்டரியின் அளவு. நன்றாக இருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு, கூடவே ஸ்பீக்கரில் அலாரம். அண்ணனுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"ஏலே, என்னைய டிவியில போட்டுட்டியோ?"

"ஒங்கள இல்லண்ணே. ஒங்க பேட்டரிய."

"அப்ப நல்லாருக்கும். பாக்குறதுக்கு என்னைவிட அது லெட்சணம்."

நாங்கள் தாதா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிக்காரரும் வந்து பார்த்தார். "அரே பாய், ஜெனரேட்டர் லே லோ. கம்ப்யூட்டர் சே சாஸ் ஆத்தா ஹை க்யா?" கம்ப்யூட்டரிலிருந்து மூச்சு வருமா என்று கேட்கிறார். ஜெனரேட்டருக்குச் சொல்லியிருக்கிறது, கப்பலில் வருகிறது என்றேன். பொய்யில்லை. வந்துகொண்டேதான் இருந்தது.

முதல் வாரம் முழுவதும் அலாரம் என்னை ஓடவிட்டது. கரண்டு இல்லாத நேரத்தில் மனைவி மிக்ஸியைப் போட்டாள், வோல்ட் ஒரு கணம் தாழ்ந்தது, அலாரம் அலறியது. நான் குளியலறையிலிருந்து சோப்பு நுரையும் துண்டுமாக ஓடிப்போய்ச் சிலிண்டரைக் கட்டிப்பிடித்தேன். அண்ணன் சிரிக்கப் போய் இருமி, இருமல் நிற்காமல் நீலம் பாரித்து, மூச்சு திரும்புவதற்குள் எங்கள் இருவர் உயிரும் போய் வந்தது.

"ஏங்க, சட்னிக்கெல்லாம் சங்கு ஊதுனா எப்படி?" என்றாள் மனைவி.

நிரலில் ஒரு மாற்றம் செய்தேன். அளவு சற்று நேரம் தொடர்ந்து தாழ்ந்திருந்தால் மட்டும் அலாரம். இல்லாவிட்டால் வாயைத் திறக்காதே. எங்கள் தொழிலில் நல்ல நிரலுக்கு அதுதான் அழகு. எல்லாம் சரியாக இருந்தால் பேசாது. பேசாவிட்டால் எல்லாம் சரி. இத்தனை வருடமாக அந்த மௌனத்தை நம்பியே சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

ஒரு மத்தியானம் மழை கொட்டியது. நான் முன்னறையில் காதில் ஹெட்போனோடு மெயின்லேண்ட் மீட்டிங்கில் இருந்தேன். ஃபேன் நின்றது. கரண்டு போய்விட்டதென்று தெரிந்தது. திரையின் ஓரத்தைப் பார்த்தேன், பச்சை. இன்வெர்ட்டர் தாங்குகிறது என்று மீட்டிங்கைத் தொடர்ந்தேன். லேப்டாப்புக்குத் தனி பேட்டரி, நெட் போனிலிருந்து. ஏதோ ஒரு பட்டனின் நிறம் பற்றி வெகு தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பச்சை அசையவே இல்லை. அது அசையாததுதான் விஷயம் என்று எனக்கு உறைக்கவில்லை.

கரண்டு போன கையோடு, அளவு தாழக்கூட நேரமில்லாமல், இன்வெர்ட்டர் மொத்தமாக அணைந்துபோயிருந்தது. அதைக் காவல் காக்கும் போர்டை எதில் சொருகியிருந்தேன்? அதே இன்வெர்ட்டரில். காவல்காரனும் ஸ்பீக்கரும் வீட்டுக்காரரோடு சேர்ந்தே மயங்கிக் கிடந்தார்கள். சாகும் முன் கடைசியாக அனுப்பிய அளவைத்தான் என் திரை பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. பின்புறம் துணி எடுத்துக்கொண்டிருந்த மனைவிக்கு மழையையும் மீறிக் கேட்டது. அவள் போட்ட சத்தத்தில் ஹெட்போனோடும் வயரோடும் ஓடினேன். அண்ணனின் உதடு கறுத்திருந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் நான்தான் என்று அதற்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. நான் வால்வைப் பிடித்துத் திருகினேன், முழுப் பலத்தோடு, மூடுகிற பக்கமாக.

"தள்ளுங்க!" என்று மனைவி என்னை இடுப்பால் இடித்துத் தள்ளி, திறந்தாள். முன்னறையில் லேப்டாப் அதன் பாட்டுக்கு, ஆர் யூ தேர், ஆர் யூ தேர் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அண்ணனுக்குப் பேச்சு வந்தது. "ஒம் பெட்டில என்னலே காட்டுச்சு?"

"பச்சைண்ணே."

"சரிதான்," என்றார். அதற்கு மேல் கேலி செய்ய அவரிடம் காற்று இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றே போர்டுக்குத் தனி பேட்டரி வைத்தேன். புதிய அளவு வராவிட்டால் திரை சிவப்பாகி லேப்டாப்பே அலறும்படி மாற்றினேன். இனி மௌனம்தான் ஆபத்து. நிரலை ஒழுங்குபடுத்தி, விளக்கக் குறிப்பு எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி நெட்டில் போட்டேன். அண்ணனிடம் சொன்னபோது, "ஊருக்கே போட்டாச்சா? மொதல்ல வால்வு எந்தப் பக்கம்னு எழுது," என்றார். எழுதினேன்.

மழைக்காலம் முடிந்தது. ஒரு காலையில் கரண்டு இருந்தது, பேட்டரி நிறைந்திருந்தது, சிலிண்டரும் நிறைந்திருந்தது. நான் அந்தப் பச்சையை இன்னும் கொஞ்சம் கண்ணுக்கு இதமான பச்சையாக்கிக்கொண்டிருந்தேன். மனைவி கஞ்சியோடு அண்ணன் அறைக்குள் போனாள். டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

"ஏங்க," என்றாள், ரொம்ப மெதுவாக. "அத்தான் போயிட்டாங்க."

போய்ப் பார்த்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் மூக்கில்தான் இருந்தது. கையைத் தொட்டேன். அடுத்து நான் செய்ததை எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருக்கும். திரும்பி வந்து லேப்டாப் முன் உட்கார்ந்து, பதிவுகளை மேலும் கீழும் தேடினேன். ஒரு தாழ்வு, ஒரு இடைவெளி, ஒரே ஒரு சிவப்பு வரி. ஏதாவது பிழை இருந்தால் திருத்தலாமே. வரிக்கு வரி சரி, சரி, சரி. அதைப் போல் பிழையில்லாமல் நான் எழுதியதே இல்லை.

"மிஷின அணைங்க," என்று உள்ளேயிருந்து மனைவி சொன்னாள். "நான் அணைக்க மாட்டேன்."

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் மாயாபந்தருக்குத் திரும்பிய பிறகு, அந்த நிரலின் பக்கத்தில் ஒரு கேள்வி வந்திருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண். அம்மாவுக்கு இதைத்தான் மாட்டியிருக்கிறாராம். பேட்டரி பழசாம். அலாரம் அடித்ததிலிருந்து மிஷின் நிற்கும்வரை எவ்வளவு அவகாசம் கிடைக்கும், நீங்கள் சோதித்திருக்கிறீர்களா?

சோதித்ததில்லை. பேட்டரி தீரும்வரை மிஷினை ஓடவிட்டுப் பார்க்க, அண்ணன் மூக்கில் குழாய் இருக்கும்போது எப்படி முடியும்? குறைந்தால் உடனே சிலிண்டர், அதோடு சரி. இந்தத் திட்டம் இனி பராமரிக்கப்படாது என்று ஒரு வரி எழுதி மூடிவிடப் பார்த்தேன்.

மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு?"

சொன்னேன்.

"அவங்கம்மா இருக்காங்கல்லா? பாத்துச் சொல்லுங்க."

வாடகை மிஷினைத் திருப்பி எடுத்துப்போக டவுனிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. அதுவரை அது அண்ணன் அறையில்தான் நின்றது. மெயின் சுவிட்சை அணைத்தேன். இன்வெர்ட்டரில் மிஷினைப் போட்டேன். அந்த இரைச்சல் வீடெங்கும் நிறைந்தது. மனைவி வாசற்படிவரை வந்தவள், நின்று கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

மெத்தையைச் சுருட்டிய வெறுங்கட்டிலில் குழாயைப் போட்டுவிட்டு, பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். குழாயின் நுனியிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. வெகுநேரத்துக்குப் பின் பச்சை சிவப்பானது, அலாரம் அடித்தது. கால்கள் தாமாக எழுந்தன. உட்காரவைத்தேன். ஓடிப்போய்ச் செய்ய எதுவுமில்லாமல் அந்த அலாரத்தை முழுதாகக் கேட்டது அன்றுதான். அதன் சத்தத்துக்குள், நேரத்தைக் குறித்துக்கொண்டு, மிஷின் நிற்பதற்காகக் காத்திருந்தேன்.