பர்வீன் அக்கா யாருக்கும் சொல்லாதது

அன்று காலை முதலாளியே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், குழாயை மூடாமலே, "பர்வீன் போயிட்டாம்மா. மூணு நாள் காய்ச்சல்தான்" என்றார்.

செங்கம் ரோட்டில் எங்கள் கஃபேயில் அக்கா கையால் எலுமிச்சை ஜூஸ் குடித்த உங்களுக்கெல்லாம் அவர் குரல் நினைவிருக்கும். என்னைத் தெரிந்திருக்காது. நான் உள்ளே டம்ளர் கழுவுகிறவள். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

ஐஸ் வெள்ளையாக இருந்தால் வெளியூர்க்காரர்கள் அதை டம்ளரிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். தண்ணீர் மேல் சந்தேகம். அக்காவுக்கு அது பெரிய அவமானம். கேன் தண்ணீரை இரண்டு முறை காய்ச்சி ஊற்றிப் பார்த்தார். அப்படியும் வெள்ளைதான். "தண்ணிய விட நான்தான்டி ஜாஸ்தி கொதிச்சேன்" என்று சிரித்தார்.

மிச்ச ஐஸைத் தொட்டியில் கொட்டுகிறவள் நான். ஓரமெல்லாம் கண்ணாடியாக இருக்கும், கடைசியில் உறைகிற நடுப்பகுதி மட்டும் வெளுத்திருக்கும். ஒருநாள் அக்காவின் காதருகே போய்ச் சொன்னேன்: "எல்லாப் பக்கமும் உறையறதால காத்து நடுவுல மாட்டிக்குதுக்கா. மேல இருந்து மட்டும் உறைஞ்சா காத்து அடிக்குப் போயிடும்ல?"

அக்கா என்னை வினோதமாகப் பார்க்கவில்லை. மருந்துக்கடையில் கேட்டு ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கி வந்தார். பக்கங்களிலும் அடியிலும் குளிர் ஏறாது. மூடி போடாமல், தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தோம். மறுநாள் கவிழ்த்தால், அடியில் மட்டும் வெள்ளை. அதை உடைத்து எறிந்துவிட்டு, மீதியை முகத்துக்கு நேரே பிடித்து என்னைப் பார்த்தார். "உன் மூக்குத்தி தெரியுதுடி!"

முதலாளி வந்து எப்படி என்று கேட்டார். "என்னக் கேக்காதீங்கண்ணா. இவ கண்டுபிடிச்சது. இவளே சொல்லட்டும்." நான் பின்பக்கம் ஓடிவிட்டேன். அக்கா விளையாடுகிறார் என்று நினைத்து முதலாளி சிரித்துவிட்டுப் போனார்.

அதன்பின் எத்தனையோ பேர் கேட்டார்கள். தன் பேரில் சொல்லிக்கொள்வது அவருக்கு எவ்வளவு சுலபம்! அக்கா ஒருவருக்கும் சொல்லவில்லை. "நான் சொன்னா என்னுது ஆயிடும்டி. உனக்கு எப்ப வாய் வருதோ அப்ப சொல்லு" என்றார். அவ்வளவு பெரிய மனசோடு யாரும் என்னிடம் நடந்துகொண்டதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் முதலாளி ஃப்ரீசரைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். "பெட்டி இருக்கு. அத வெச்சு அவ என்ன பண்ணுவான்னுதான் தெரியல. அவளோடயே போயிடுச்சு."

"போகலண்ணா," என்றேன். "அது நான் கண்டுபிடிச்சது."

கையைத் துடைத்துக்கொண்டு, அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.