கண்ணாடிக்கு வைத்த பொட்டு

கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மல்லிகாவைப் போலப் பால் வெட்ட ஆள் கிடையாது. கணக்கப்பிள்ளையே அதை வாய்விட்டுச் சொல்லுவார். ஆனால் அந்தப் பெயரை அவள் எங்கே நிம்மதியாக அனுபவித்தாள்? கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இரத்தினபுரியிலிருந்து ஷாமிளா வந்து இறங்கினாளே, அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஷாமிளா அப்படி என்னதான் செய்துவிட்டாள்? ஒன்றும் செய்யவில்லை. சிரிப்பாள். சிங்களத்தைப் பிளந்துகட்டுவாள். பிடிவாதக்காரக் கொழுந்தன் அவள் சொன்னால் மட்டும் பெட்டிப்பாம்பாக அடங்குவான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இரண்டு குடும்பத்துக்கும் ஒட்டின காம்பரா, நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டால் இந்தப் பக்கம் மல்லிகாவுக்குச் சோறு இறங்காது.

இந்த லட்சணத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து இஸ்ரா மிஸ் வந்தாள். வரக்காப்பொலக்காரி, வானத்து வெயிலை ஆராய்கிறவள். தோட்டத்து மலையுச்சியில் கருவி வைக்க வேண்டும் என்றாள். சீமெந்து மேடை கட்ட மலையுச்சிக்கு மணல் சுமந்தது யார்? மல்லிகா. மேடை மேல் இரண்டு சின்னக் குமிழ்கள் உட்கார்ந்தன. கண்ணாடிக் குமிழ் மேலேயிருந்து விழும் வெயிலை அளக்குமாம். கறுத்த குமிழ், மேகமும் காற்றிலுள்ள ஈரமும் பூமிக்குத் திருப்பியனுப்புகிற சூட்டை அளக்குமாம், இராத்திரியிலும்கூட.

"வெயில் இவ்வளவு வரணும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடும். சாட்டலைட் மேலேயிருந்து மேகத்தைப் பாக்கும். ரெண்டும் சரியா பிழையான்னு நமக்குச் சொல்றது இந்தக் கண்ணாடிதான். தூசி, எண்ணெய், ஒண்ணும் இதில படக்கூடாது" என்றாள் மிஸ்.

மல்லிகா மணல் கூடையை இறக்கி வைத்துவிட்டு அத்தனையையும் கேட்டாள். ஷாமிளா அப்போது அங்கே இல்லை; கீழே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். சுடச்சுடக் கொண்டுவந்து, சிரித்துக்கொண்டே நீட்டினாள். முடிந்தது கதை. தினமும் காலையில் கண்ணாடி துடைக்கிற வேலை, மாதச் சம்பளத்தோடு, ஷாமிளாவுக்குப் போனது. எப்படித் துடைப்பதென்று மிஸ் காட்டிக்கொடுத்தாள்; எண்ணெய்ப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை. சுமந்தவளுக்குக் கழுத்து வலிதான் மிச்சம். மல்லிகா அன்று ஒரு வாளிப் பாலைத் தட்டிக் கொட்டிவிட்டுக் கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சரஸ்வதி பூஜை வந்தது. லயத்தில் பால் கத்திக்குப் பொட்டு, தையல் மெசினுக்குப் பொட்டு, ஆட்டோவுக்குப் பொட்டு. சோறு போடுகிற மெசினை ஷாமிளா மறப்பாளா? குளித்துவிட்டு மலையேறினாள். மழைக்குக் கரையக் கூடாதென்று குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, கண்ணாடிக் குமிழின் நட்டநடு உச்சியில் வட்டமாக வைத்துக் கும்பிட்டாள். மறுநாளிலிருந்து பொட்டு அழியாமல் சுற்றிவரப் பக்தியோடு துடைத்தாள்.

மல்லிகா வெட்டுகிற மரங்கள் அந்தச் சரிவில்தான். எல்லாவற்றையும் பார்த்தாள். 'ஏ புள்ள, அதில வைக்காத' என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். போடவில்லை. வாயில் கொழுக்கட்டையா இருந்தது? சந்தோஷம் இருந்தது. போகட்டும், வேலை போகட்டும், அந்தச் சிரிப்பும் சேர்ந்து போகட்டும் என்று ஒவ்வொரு மரமாக வெட்டிக்கொண்டே போனாள்.

ஒரு வாரம் கழித்து மிஸ் ஓடிவந்தாள். ஷாமிளாவும் மல்லிகாவும் அவள் பின்னாலேயே மலையேறினார்கள்.

"தினமும் உச்சி நேரத்தில மட்டும் வெயில் குறையுது. சாட்டலைட்ல மேகமே இல்ல. என் கணக்குத்தான் பிழைன்னு நான் தூங்கவே இல்ல" என்றவள் குமிழைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். பிறகு சிரித்துவிட்டாள். "அல்லாஹ்! பொட்டா?"

ஷாமிளா முகம் வெளுத்துப்போனது. "பூஜைக்கு வச்சேன் மிஸ். நல்லதுக்குன்னு நெனச்சேன்."

"பரவாயில்ல, தெரியாமத்தானே செஞ்சீங்க."

பரவாயில்லையா! அவ்வளவுதானா! மல்லிகாவுக்குத் தாங்கவில்லை. இவளுக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்றாவது மிஸ் அறியட்டும். "எனக்குத் தெரியும் மிஸ். எண்ணெய் படக்கூடாதுன்னு நீங்க சொன்னத நான் கேட்டேன். அன்னைக்கே பாத்தேன்!"

மிஸ் மெதுவாகத் திரும்பினாள். "அன்னைக்கே பாத்தீங்களா? அப்ப ஏன் சொல்லல்ல?"

ஷாமிளா மல்லிகாவை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்கூடக் கலங்கியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அக்கா சொன்னாங்க மிஸ். நான்தான் கேக்கல."

மிஸ்ஸின் சிரிப்பு நின்றுபோனது. "தெரியாமச் செஞ்சா வேற. சொல்லியும் கேக்கல்லன்னா நான் எப்படி உங்கள நம்புறது? இனிமே மல்லிகா அக்காவே துடைக்கட்டும்."

ஷாமிளா தலையாட்டிவிட்டுத் துணியை நீட்டினாள். 'இல்ல மிஸ், நான் சொல்லவே இல்ல' என்று ஒரு வார்த்தை. அது மல்லிகாவின் தொண்டை வரைக்கும் வந்தது. கை அதற்கு முன்னால் நீண்டு துணியை வாங்கிக்கொண்டது.

ஷாமிளா சரிவில் இறங்கிப் போனாள். ஆசைப்பட்ட வேலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்திலும் மல்லிகாவுக்கு அவள் மேல் பொறாமையாகத்தான் இருந்தது, முன்னைவிட அதிகமாக.