லீவர் ஏத்தியாச்சா, அண்ணாச்சி?

இது நடந்தது. பாதியை நம்புகிறேன், மீதியைத் தள்ளிக் கொடு என்று பேரம் பேசுகிறவர்கள் அடுத்த கடையைப் பார்க்கலாம். இது ஒரே விலைச் சரக்கு.

யுத்தக் காலம். மார்கழி. புளியங்குடி எலுமிச்சை வியாபாரி நாறும்பூநாதன் கொல்லத்துக்குக் காய் ஏற்றிப் போகிற வழியில், குற்றாலத்தில் இரவு தங்கினார். விடியுமுன் புறப்படப் பார்த்தால் லாரி கிளம்பவில்லை. பழைய லாரி. குளிர் கண்டால் கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி. எவ்வளவு கெஞ்சினாலும் அசையாது.

டிரைவர் ஒலி முகம்மது பிளக்குகளைக் கழற்றித் துடைத்தான். பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தான். வந்தது. முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினான். இஞ்சின் இருமியது. அணைந்தது.

"வெறச்சுப் போச்சு அண்ணாச்சி. ரேடியேட்டருக்குச் சுடுதண்ணி வேணும். காப்பிக் கடையில வாங்கிட்டு வாரேன். டிரைவர் சீட்டுல இருங்க."

"வெரசா வாலே. காய் வேர்த்துரும்."

அந்தச் சீட்டு அவருக்குப் பிடிக்காது. போன மார்கழியிலும் அதில் அவர்தான் இருந்தார். கைப்பிடி சுற்றியவன் கடற்கரை என்ற பழைய டிரைவர். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு லீவர் உண்டு. அதை மேலே ஏற்றாமல் சுற்றினால் இஞ்சின் கைப்பிடியைத் திருப்பி உதைக்கும். கேட்காமல் கடற்கரை சுற்றமாட்டான். அன்றும் கேட்டான். இவர் வெற்றிலை மடித்தபடியே, "ஏத்தியாச்சு" என்றார்.

ஏற்றவில்லை.

இரும்பு நெஞ்சில் அடித்தது. தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் உயிர் போய்விட்டது. "பிடிக்கத் தெரியாமப் பிடிச்சான்" என்று ஊரெல்லாம் சொன்னார் நாறும்பூநாதன். அவன் மனைவி பேச்சித்தாயும் நம்பிவிட்டாள். செத்த புருஷனைத் திட்டித் திட்டி அழுதாள். அந்த அழுகை ஒரு வருஷமாக அவர் சோற்றில் கல்லாக அகப்பட்டது.

கண்ணாடி பூராவும் பனி. தூரத்தில் அருவிச் சத்தம்.

பிறகு அதுவும் நின்றது.

கர்ர்ர்...

முன்னால் இரும்பு உரசியது. கைப்பிடியை மாட்டுகிற சத்தம்.

"அதுக்குள்ள வந்துட்டியாலே?"

பனிக்குள் யாரோ குனிந்திருந்தார்கள்.

"லீவர் ஏத்தியாச்சா, அண்ணாச்சி?"

முகம்மதுவின் குரல் அல்ல.

"ஏ... ஏத்தியாச்சு." பழகிய வாய் சொல்லிவிட்டது.

கைப்பிடி அசையவில்லை.

"ஏத்தியாச்சா, அண்ணாச்சி?"

கிட்டத்தில்... அவர் காதுக்குப் பக்கத்தில்.

"இல்லலே... அன்னைக்கும் ஏத்தல. தப்பு எம்மேலதான்."

லீவர் தானாக மேலே ஏறியது.

ஒரே சுற்று. இஞ்சின் பிடித்துக்கொண்டது.

முகம்மது ஓடிவந்தான். "யாரு அண்ணாச்சி சுத்துனது?"

அவன் தோளில் லாரியின் ஒரே இரும்புக் கைப்பிடி. சுடுதண்ணீர் வாளியை அதில் கோத்துத்தான் தூக்கி வந்திருந்தான்.

கொல்லத்தை மறந்தார். காயை மறந்தார். பேச்சித்தாய் இருக்கிற இலத்தூருக்கு வண்டியை விடச் சொன்னார்.

அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். இவர் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்:

"வாங்க அண்ணாச்சி. கோழி கூப்பிடையில எங்க வீட்டுக்காரவிய வந்துட்டுப் போனாவ. நீங்க ஒத்துக்கிட்டியளாமே... நெஞ்சுவலி இப்பத்தான் விட்டுதாம்."