வாசலில் வண்டி, வீட்டுக்குள் ‘சர்ர்ர்’

1. வாயால் வரும் சத்தம்

1993-ல் விழுப்புரத்தில் ஏ.சி., ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் முதலாளி என் கையில் ஸ்பேனரைக் கொடுக்கவில்லை, டெலிஃபோன் ரிசீவரைக் கொடுத்தார். மறுமுனையில் ஒரு ரைஸ்மில் அதிபர். ஊரே பார்த்துப் பயப்படும் ஆள். அந்த மனிதர் தன் படுக்கையறை ஏ.சி. போடும் சத்தத்தைத் தன் வாயாலேயே போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். “ஹூங்ங்ங்... கட கட கட... ஹூங்ங்ங்...” எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“இன்னாடா சிரிப்பு? கஸ்டமர் வாய்தான்டா நமக்கு ஸ்டெதாஸ்கோப்பு. இன்னொரு தபா போடச் சொல்லு” என்றார் முதலாளி.

பயந்துகொண்டே சொன்னேன். அதிபர் முன்பைவிடப் பலமாகப் போட்டார். முதலாளி ரிசீவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “ஜன்னல் ஃப்ரேம்ல ஸ்க்ரூ லூசு” என்றார். போய்ப் பார்த்தோம், அதேதான்.

அந்தப் பழக்கம் என்னோடு ஒட்டிக்கொண்டது. திண்டிவனத்தில் சொந்தக் கடை போட்ட பிறகு அதை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் தனித்தனியாகச் சத்தம் போட்டுக் காட்டச் சொல்வேன். ஒரே அறையில் படுக்கும் புருஷனும் பொண்டாட்டியும் ஒரே சத்தத்தைக் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு தலைமையாசிரியர் கூச்சமே இல்லாமல் எருமை மாதிரி கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் ஏறி எட்டிப் பார்த்தார். இந்தத் தொழிலில் சம்பாதித்தேனோ இல்லையோ, நன்றாகச் சிரித்திருக்கிறேன்.

2. இளசுகளுக்குச் சில வார்த்தைகள்

ஏ.சி.யை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் ‘டக், டக்’ என்று கேட்டால் பயப்படாதீர்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் பாடி பழைய நிலைக்கு வரும்போது அப்படித்தான் சொடுக்கு எடுக்கும். அதைப் பேய் என்று சொல்லி எலுமிச்சம்பழம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். எலுமிச்சம்பழத்தால் ஏ.சி.க்கு ஒரு கெடுதலும் இல்லை, அதனால் நான் தடுத்ததில்லை. ‘களக் களக்’ என்றால் தண்ணீர் போகும் ட்ரெயின் பைப்பைப் பாருங்கள். வெளியே இருக்கும் யூனிட் ‘கொர்ர்ர்’ என்றால் அடியில் வைத்த ரப்பர் செத்துப் போயிருக்கும்.

சத்தம் உள்ளே வருகிறதா, வெளியே வருகிறதா என்று தெரியவில்லையா? ஃபேன் மோடில் போடுங்கள். வெளியே கம்ப்ரஸர் ஓடாது. அப்போதும் சத்தம் வந்தால் குற்றவாளி உள்ளேதான் இருக்கிறான். இவ்வளவுதான் வித்தை. இதற்கு மேல் எனக்குத் தெரிந்த ஒன்றை ஒரு விவசாயி சொல்லிக் கொடுத்தார்.

3. சவரிமுத்துவின் வண்டி

இது 2010-க்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மே மாதம் நடந்தது. திண்டிவனத்தில் மருந்துக்கடை வைத்திருந்த சேவியர் போன் செய்தார்.

“அண்ணே, ஜல்தி வாங்க. ஏ.சி. சத்தம் போடுது.”

“வாயால போட்டுக் காட்டுங்க.”

“அதுக்கெல்லாம் நேரமில்லண்ணே. என் மாமனாரு வண்டியோட வந்து நிக்கிறாரு. இப்ப வரலன்னா என் குடும்பமே போயிடும்.”

ஏ.சி. சத்தத்துக்குக் குடும்பம் போகும் என்று அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. டூல் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாசலில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று, பின்கதவு திறந்தபடி நின்றது. அதன் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். ஒலக்கூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை விவசாயம் செய்யும் சவரிமுத்து. சேவியரின் மனைவி ஜெயராணி அவருடைய மகள். ஜனவரியில் கல்யாணம் முடிந்தபோது, மல்லாட்டை விற்ற காசில் அந்த ஏ.சி.யைச் சீராகக் கொடுத்தவர் அவர்தான்.

ஹாலில் சேவியரின் அம்மா எலிசபெத்தம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“வா தம்பி. வந்து நீயே சொல்லு. பத்து நாளா தூக்கமில்ல. ஒரே பேஜாரு. சீரு குடுக்கறேன்னு எவன்கிட்டயோ ஓட்ட மாலு வாங்கி என் தலையில கட்டிட்டாங்க. எடுத்துக்கினு போங்கன்னு நான்தான் வண்டியோட வரச் சொன்னேன். பொண்ணும் கூடவே போயி கொஞ்ச நாளு அங்கயே இருக்கட்டும்.”

ஜெயராணி அறை வாசலில் நின்றிருந்தாள். காலடியில் ஒரு துணிப்பை. அழுது முடித்த முகம். இப்படிக் கொஞ்ச நாள் என்று போன பெண்கள் எத்தனை மாதம் கழித்துத் திரும்பினார்கள் என்று எனக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஏ.சி.யைச் சுமக்க வந்த வண்டியில் பெண்ணும் ஏறப் போகிறாள்.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. ஒவ்வொருவராகச் சத்தம் போட்டுக் காட்டச் சொன்னேன். எலிசபெத்தம்மா கோயில் பாட்டுக் குழுவில் பாடுபவர். மூச்சை இழுத்துப் பிடித்துச் சுருதியோடு “கிர்ர்ர்ர்ரீ” என்று ஓர் இழுப்பு இழுத்தார். சேவியர் “புர்ர்ர்” என்றார், ஆட்டோ கிளம்புகிற மாதிரி. ஜெயராணி மெதுவாக, “சர்ர்ர்ர்... டிக்... சர்ர்ர்ர்... காஞ்ச ஓலை காத்துல உரசுனா வருமே, அப்படிங்கண்ணே” என்றாள்.

“ஏ.சி.யில ஏதும்மா ஓலை? பேசுது பாரு” என்றார் மாமியார்.

ஃபேன் மோடில் போட்டேன். லோ ஸ்பீடில் அமைதி. ஹை ஸ்பீடில் வைத்ததும் ‘சர்ர்ர்ர்... டிக்’. மருமகள் போட்ட சத்தம் அச்சு அசலாக அப்படியே வந்தது. மெயினை நிறுத்திவிட்டு ஸ்டூல்மேல் ஏறினேன். சவரிமுத்துவும் உள்ளே வந்து சுவரோரமாக நின்றார். முன் பேனலைக் கழற்றி, காற்று வரும் வாயில் இருந்த தடுப்பை எடுத்து, டார்ச் அடித்தேன். காற்றைத் தள்ளும் ப்ளோயர் உருளையை ஒட்டி ஏதோ செருகிக்கொண்டிருந்தது. நோஸ் ப்ளையரால் பிடித்து இழுத்தேன்.

வந்தது ஒரு குருத்தோலைச் சிலுவை. ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலையில் முடைந்தது. பச்சையாக இருந்தவரை மெத்தென்று சும்மா கிடந்திருக்கிறது. ஏ.சி. காற்றில் காய்ந்து விறைத்த பிறகு ப்ளோயரில் உரச ஆரம்பித்திருக்கிறது.

“யாருங்க இத உள்ள வச்சது?” என்று கேட்டேன். மெக்கானிக் எவனும் கேட்கிற கேள்விதான்.

அப்போதுதான் ஸ்டூல் உயரத்திலிருந்து வீட்டைப் பார்த்தேன். வாசல் நிலைமேல் இதே மாதிரி ஒரு சிலுவை. இயேசு படத்துக்குப் பின்னால் ஒன்று. ஃப்ரிட்ஜ் மேல் ஒன்று. மீட்டர் பாக்ஸையும் விடவில்லை. எல்லாம் ஒரே கை முடைந்தவை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் சோபாவில் உட்கார்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். சேவியர் அம்மாவைப் பார்த்தார். ஜெயராணியும் பார்த்தாள்.

நானோ ஸ்டூல்மேல் ப்ளையரோடு நிற்கிறேன். மந்திரித்த ஓலை, கீழே போடக் கூடாது. குப்பையிலும் போடக் கூடாது. சட்டைப் பையில் வைத்துக்கொள்ள நான் அந்தக் கோயில்காரனும் இல்லை. வாங்கிக்கொள்ள ஒருத்தரும் கை நீட்டவில்லை.

சவரிமுத்து தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். இரண்டு கையாலும் ஓலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“மன்னிச்சிடுங்க சம்மந்தியம்மா. நான்தான் வச்சேன். ஈஸ்டருக்கு வந்தப்போ, புள்ளைங்க படுக்கிற எடமாச்சே, நல்லாருக்கட்டும்னு செருகிட்டுப் போனேன். உள்ள போயி இந்தக் கூத்துப் பண்ணும்னு எனக்குத் தெரியல.”

“அப்பா, நீங்க எப்ப...” என்று ஜெயராணி வாயைத் திறந்தாள்.

“நீ போயி தம்பிக்குக் காபி போட்டுக்கினு வாம்மா” என்றார் அவர்.

எலிசபெத்தம்மாவின் வாய் ஒரு தடவை திறந்து மூடியது. என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் ஸ்டூலிலிருந்து இறங்காமல் காத்திருந்தேன். பிறகு அவர் எழுந்தார். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார்.

“போவுது விடுங்க சம்மந்தி. நல்ல மனசுலதான வச்சிருக்கீங்க. அதுக்குப் போயி யாராச்சும் கோவிச்சிக்குவாங்களா?”

தான் செய்த காரியத்துக்குத் தானே இவ்வளவு தாராளமாக மன்னிப்புக் கொடுத்த ஒருவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சேவியர் வேகமாகத் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கியதில் தோள் மட்டும் குலுங்கியது. மாமியாரே அந்தத் துணிப்பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். வரும்போது, “சம்மந்தி சாப்ட்டுதான் போவணும். சேவியரு, கறி வாங்கியா” என்று உத்தரவும் போட்டார்.

பேனலை மாட்டி ஹை ஸ்பீடில் ஓடவிட்டேன். காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

நான் கிளம்பியபோது சவரிமுத்து வாசலில் வண்டியின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். எனக்கு மனசு ஆறவில்லை. “ஐயா, அது நீங்க வச்சது இல்லைங்களே” என்றேன்.

“எங்க ஊர்ல பனங்குருத்துதான் தம்பி புடிப்போம். அது தென்னங்குருத்து.” கொக்கியை இழுத்து மாட்டினார். “யாரு வச்சா இன்னா? வண்டி காலியாப் போவணும். எனக்கு அதான் வேணும்.”

டிரைவரைப் பார்த்து, “நீ போப்பா, நான் சாப்ட்டுப் பஸ்ல வர்றேன்” என்றார். வண்டி காலியாகப் போயிற்று. நான் தெருமுனை வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே பைக் ஓட்டினேன். எதிரே வந்தவர்கள் வெயில் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஏ.சி.க்குள்ளிருந்து நான் எடுக்காத பொருள் இல்லை. ஆயுத பூஜை மாலையின் நார், பலூன் துண்டு, செத்த பல்லி, ஒரு வீட்டில் பாஸ் மார்க் வாங்காத கணக்குப் பரீட்சைத் தாள்கூட வந்தது. தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நன்றாகத் தேடுங்கள். எடுத்ததைக் கைக்குள் மூடிக்கொள்ளுங்கள். யாரால் வந்தது என்று வீட்டுக்காரர்கள் கேட்டால், வெயிலால் என்று சொல்லுங்கள். திண்டிவனத்தில் அதை மறுத்துப் பேச ஆள் கிடையாது.