‘பரவாயில்லீங்க’ என்றவரின் கட்டைவிரல்

மறுவாழ்வு சிகிச்சை மருத்துவனான என்னைக் கைராசிக்காரன் என்பார்கள். அப்படிச் சொல்லிப் பரப்பியவனும் நான்தான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி வலிக்கு ஊசி போடும் பயிற்சிக்காகக் கோவைக்கு அந்த மமதையோடுதான் போனேன்.

திரை தெரிவதற்காக விளக்கை அணைத்திருந்தார்கள். சோமனூர் தறிக்காரர் ஒருவர், விரல் மரத்துப்போகும் வலது கையை நீட்டிப் படுத்திருந்தார். அறுந்த நூலை முடிச்சுப் போடுகிற கை. மணிக்கட்டில் ஊசியை இறக்கினேன். திரையில் ஊசி கோடாகத் தெரிந்தது, முனை தெரியவில்லை. தெரிவதாக நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

“வலிக்குதுங்களா?”

“பரவாயில்லீங்க.”

இன்னும் இறக்கினேன். அவருடைய கால்விரல்கள் மடங்கின.

“ஏனுங்க, வலிக்குதுங்களா?”

“பரவாயில்லீங்க சார், நீங்க பாருங்க.”

மருந்தை அழுத்தப் போனேன். பயிற்சி தந்த டாக்டரம்மா என் கையைப் பிடித்தார்.

“அழுத்தாதீங்க! அவரு கட்டைவிரலப் பாருங்க.”

அது தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. முனை நரம்பில் நின்றிருக்கிறது. அழுத்தியிருந்தால் அந்த விரல் மறுபடி நூலைப் பிடித்திருக்குமோ என்னவோ.

ஊசியை எடுத்ததும், “ஏனுங்க சொல்லல?” என்றேன்.

“கரண்ட் அடிச்சாப்பல இருந்துச்சுங்க. நீங்க இத்தன மரியாதையாக் கேக்கறப்ப வலிக்குதுன்னு எப்படீங்க சொல்றது?”

இப்போது முனை தெரியாமல் நான் ஊசியை நகர்த்துவதில்லை. வலிக்கிறதா என்று கேட்பதுமில்லை. “விரல்ல சுரீர்னா என்னயத் திட்டிப்போடுங்க” என்கிறேன்.

போன வாரம் ஒருவர், “திட்டலாமுங்களா?” என்று அனுமதி கேட்டார். அந்த நொடியே ஊசியை வெளியே எடுத்துவிட்டேன்.