முருங்கைக்குக் கட்டிய சாக்கு

எங்கள் வீட்டு வளவு முருங்கையில் மயிர்க்கொட்டிப் புழு விழுந்த கிழமையில்தான் என் கணவர் கந்தசஷ்டி விரதம் தொடங்கினார். மலைநாட்டில், அக்குறணைப் பக்கத்து ஈரத்தில் முருங்கை காய்ப்பதே பெரிய காரியம். என் மரம் காய்த்தது. அந்தக் கர்வத்தில் நான் இலையைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது பாதி மரம் மொட்டை.

அதையும் பொறுத்திருப்பேன். பக்கத்து வீட்டின் எட்டு மாதக் குழந்தை தவழ்ந்துபோய், மதிலுக்கு அப்பால் விழுந்த புழு ஒன்றைப் பிடித்துவிட்டது. தாய் மதிலுக்கு மேலால் அந்தக் கையைக் காட்டினாள். முழங்கை வரை சிவந்து தடித்திருந்தது.

"மகள்ட கையப் பாருங்க டீச்சர். ஞாயித்துக்கெழம மரத்த வெட்ட எங்கட அவர் ஆள் சொல்லிட்டார். எனக்கும் வேற வழி தெரியல்ல."

என் மரத்தால் வந்த வினை; வெட்டவேண்டாம் என்று சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. ஆனாலும் மரத்தை விட மனமில்லை. பூச்சியைக் கொல்லலாம் என்றால் என் கணவர் குறுக்கே நின்றார்.

"இந்த ஆறு நாளும் எங்கடை வளவுக்குள்ளை ஒரு உயிரும் போகக்கூடாது."

"சூரன்ரை தலையை எடுத்ததுக்குத்தானே விரதம் பிடிக்கிறியள்?"

"அது முருகன் எடுத்தது. நீர் முருகனில்லை."

வாதத்தில் தோற்றால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். இந்தப் பூச்சிகள் இரவில் இலை தின்றுவிட்டுப் பகலில் அடிமரத்து நிழலுக்கு இறங்கிக் கூட்டமாகக் கிடப்பதைப் பார்த்திருந்தேன். படுக்கத்தானே இடம் தேடுகின்றன, நானே பாய் போட்டுக் கொடுக்கிறேன் என்று அடிமரத்தில் ஓர் ஈரச்சாக்கைச் சுற்றிக் கட்டினேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடமே ஓடவில்லை. வந்ததும் சேலைகூட மாற்றாமல் ஓடிப்போய்ச் சாக்கின் ஓரத்தைத் தடியால் தூக்கினேன். உள்ளே இடமில்லாமல் அடுக்கடுக்காகக் கிடந்தன. கயிற்றை அவிழ்த்து, சாக்கைத் தடியில் தொங்கவிட்டு மதிலுக்கு மேலால் நீட்டினேன். எங்கள் வளவுக்குள்தானே கொல்லக்கூடாது.

குழந்தையின் தாய் சவர்க்கார நுரைத் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தாள்.

"போடுங்க டீச்சர், போடுங்க. எனக்கு விரதமில்லதானே."

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் நான் பஸ்ஸால் இறங்கும்போதே வாளியோடு நிற்பாள். சாக்கைத் தூக்கும்வரை இருவருக்கும் மூச்சு வராது. உள்ளே நிறையக் கிடந்தால் கலியாண வீடு மாதிரிச் சிரிப்போம். எங்கள் சத்தம் கூடக்கூட, வீட்டுக்குள் என் கணவரின் தேவாரமும் உரத்துக்கொண்டே போகும். சனிக்கிழமை சாக்கில் நாலைந்துதான் மிஞ்சியிருந்தன.

ஆனால் அவளுடைய கணவர் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அல்ல. ஞாயிறு காலை மரம் அரியும் வாள்காரன் வந்துவிட்டான். அவர் எங்கள் வளவுக்குள் வந்து, தானே சாக்கைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. மேலே பார்த்தார். மொட்டைக் கொப்புகளில் தளிர் விட்டிருந்தது.

"திரும்ப வராதா டீச்சர்?"

வராது என்று ஒரு பொய் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. குழந்தையின் கை நினைவுக்கு வந்தது.

"வரும். அடுத்த மழைக்கும் வரும்."

அவர் வாள்காரன் பக்கம் திரும்பினார். அப்போது அவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி படலைக் கதவைத் திறந்து வந்து, நேராக மரத்தடியில் நின்றாள். குழந்தையை என் கையில் தந்தாள்.

"வந்தா நாங்க ரெண்டு பேரும் பாத்துக்குவோம்," என்று கணவரிடம் சொன்னாள்.

அவர் வாள்காரனை அனுப்பிவைத்தார். குழந்தை கையை நீட்டி முருங்கையின் பட்டையைத் தடவியது. தாய் தடுக்கவில்லை.