பள்ளிக்கூடம் ஏறிய லோரி

காய்ச்சல் விட்டும் பள்ளிக்கு அனுப்ப முடியாத நாளில் என்னை எங்கே விடுவது என்பது அம்மாவுக்குப் பெரிய பிரச்சினை. அவர் வேலை பார்த்த ஜெலாப்பாங் தொழிற்சாலையில் நினைத்தபோது லீவு கிடைக்காது. அன்று மாமாவின் லோரியில் ஏற்றிவிட்டார். கோப்பெங்கைத் தாண்டி மலையடிவாரத்து ஒராங் அஸ்லி பழங்குடிக் கிராமத்துக்குப் போய், அவர்கள் பறித்து வைத்திருக்கும் பெத்தாய்க் காய்களை ஈப்போ சந்தைக்குக் கொண்டுவருவது மாமாவின் தொழில். அவர் அதிகம் பேசமாட்டார். பேசுவதிலும் பாதி லோரியோடுதான்.

அன்று பெத்தாய்க் கட்டுகளைக் காணோம். கறையான் அரித்த மேசை நாற்காலிகளும் ஒரு கரும்பலகையும் சாலையோரம் கிடந்தன. சீருடையில் சில பிள்ளைகள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கூடவே அந்தக் கிராமத்து இளைஞர்கள் சிலர். அவர்களில் எல்லாருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்த அக்கா, ஈப்போவில் தமிழர் கடையில் வேலை பார்த்துத் தமிழ் பழகியவர்.

"என்னாம்மா, பழைய சாமான் கடைக்கா?" என்றார் மாமா.

"இல்ல அங்கள், இது எங்க ஸ்கூல். கூரை ஒழுகுது, வந்து பாருங்கன்னு எத்தன தடவ கூப்ட்டோம். ஈப்போ கல்வி ஆபீஸ்காரங்க மலைக்கு வரமாட்டேங்குறாங்க. அதான் ஸ்கூல அங்க கொண்டு போறோம்லா."

மாமா டயரை ஒருமுறை உதைத்துப் பார்த்தார். "போலீஸ் வந்தா என் லோரி போயிரும். எறக்கிட்டு உடனே கெளம்பிருவேன்."

ஈப்போவில் அந்த அலுவலக வாசலில் மரத்தடியில் மேசைகளைப் போட்டார்கள். அக்கா கரும்பலகையை மரத்தில் சாய்த்து மலாயில் பாடம் தொடங்கினார். இளைஞர்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய அதிகாரி ஒருவர் வெளியே வந்து, லோரி யாருடையது, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போ என்று மாமாவை அதட்டினார். மாமா ஏனோ அதுவரை கிளம்பியிருக்கவில்லை.

"எஞ்சின் ரோசாக், துவான்," என்றார் பணிவாக. எஞ்சின் கெட்டுப்போய்விட்டதாம்.

"இல்லையே மாமா, இப்ப நல்லாத்தானே வந்துச்சு!" என்றேன் நான். நல்லவேளை, அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மாமா என்னைத் தூக்கிக் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, எஞ்சின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார். காவலர்கள் வந்து திட்டினார்கள். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். அவர் தலையை வெளியே எடுக்கவே இல்லை. பாடம் நடந்துகொண்டே இருந்தது.

மதியம் வேறொரு பெரிய அதிகாரி வந்து, கிராமத்துக்கு வருவதாக எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். சொன்னபடி வந்தும் பார்த்தார். பிறகு கூரை மாறியது, புது மேசைகள் வந்தன. ஆசிரியர் அங்கேயே தங்க வீடு மட்டும் வரவில்லை. அதற்காக அந்த அக்கா இன்றும் அலைந்துகொண்டிருக்கிறார்.

அதிகாரி வாக்குக் கொடுத்த கையோடு எங்கள் லோரி ஒரே முடுக்கில் கிளம்பிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், மாமா பொய் சொன்னார் என்று அம்மாவிடம் வத்தி வைத்தேன். அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நாங்க இருந்த எஸ்டேட்ட வித்தப்ப மாமா படிச்ச பள்ளிக்கோடத்தயும் இப்படித்தான் மேசை நாற்காலியோட ஏத்திக்கிட்டுப் போனாங்க. அதோட அவர் படிப்பு போச்சு. அன்னிக்கு எந்த லோரியும் ரோசாக் ஆகலடி," என்றார்.

அந்தக் காலத்து லோரிகள் அவ்வளவு உறுதியானவை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.